கரிசல் மைதானம் – 17: முதலில் கூப்பிடப்படும் பெயர்

2022 மே மாதத்தின் பின்பாதியைக் கோவில்பட்டி ஹாக்கி வரலாற்றில் தனியாகக் குறித்துவைக்க வேண்டும். கிருஷ்ணா நகர் செயற்கை மைதானத்தில் ஜூனியர் ஆண்களுக்கான தேசியப் போட்டி நடந்துகொண்டிருந்தது. நாடெங்கிலுமிருந்து வந்த பையன்கள் கோவில்பட்டி வெயிலில் ஆடிக்கொண்டிருந்த அதே நாட்களில், ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. அங்கே இந்தியச் சட்டை போட்டிருந்தவர்களில் இருவர் இந்த மைதானத்தில் வளர்ந்தவர்கள். ஒருவர் கோவில்பட்டிக்காரரான மாரீஸ்வரன் சக்திவேல். மற்றவர் அரியலூரிலிருந்து வந்து இங்கே விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதியில் தங்கிப் பயின்ற கார்த்தி செல்வம். மே 23 அன்று பாகிஸ்தானுடன் ஆட்டம் 1-1 எனச் சமனில் முடிந்தது. இந்தியாவின் அந்த ஒரே கோல் கார்த்தியின் மட்டையிலிருந்து வந்தது. இந்தோனேசியாவை 16-0 என்று வென்று அடுத்த சுற்றுக்குள் நுழைந்த அணி, கடைசியில் ஜப்பானை வீழ்த்தி வெண்கலத்தோடு திரும்பியது.

சென்ற இதழ்களில் மில் அணிகளையும் பள்ளி மைதானங்களையும் பார்த்தோம். இந்த இதழில் பார்க்கப்போவது ஆட்டத்தை அல்ல, ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் நடக்கும் ஒரு காரியத்தை. நூறு பையன்கள் நிற்கிறார்கள். ஒருவர் பெயர் முதலில் கூப்பிடப்படுகிறது. அந்த முதல் பெயருக்கு மற்றப் பெயர்களைவிட எவ்வளவு மதிப்பு? கொடுக்கப்படும் விலைக்கும் கிடைக்கும் ஆட்டத்துக்கும் என்ன பொருத்தம்? கரிசல் பூமிக்கு இது வேடிக்கைக் கேள்வி இல்லை. இங்கே ஒரு பையனுடைய பெயர் பட்டியலில் ஏறினால் விடுதிச் சாப்பாடு, நல்ல ஷூ, பள்ளிப் படிப்பு, பிறகு ரயில்வேயிலோ ஐ.சி.எஃப்.பிலோ வங்கியிலோ ஒரு வேலை என்று குடும்பத்தின் போக்கே மாறும். ஏறாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ், மில், அல்லது மானாவாரிக் காடு. அதனால்தான் தேர்வு முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்குகிற பையனை ஊர் கேட்கும் முதல் கேள்வி "செலக்‌ஷன்ல பேரு வந்துச்சால?" என்பதாக இருக்கிறது.

2024 அக்டோபர் 13. ஏழு ஆண்டுகள் நின்றுபோயிருந்த ஹாக்கி இந்தியா லீக் மறுபடி உயிர்பெற்று, டெல்லியில் வீரர்கள் ஏலம் தொடங்கியது. ஆண்கள் பிரிவில் எட்டு அணிகள். ஒவ்வோர் அணியின் கையிலும் 4 கோடி ரூபாய். அதற்குள் 24 பேரை எடுக்க வேண்டும். அவர்களில் 16 பேர் இந்தியர்கள், எட்டுப் பேர் வெளிநாட்டார். அடிப்படை விலை 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என மூன்று படிகள். பெண்கள் அணிக்கு ஒதுக்கப்பட்டது இதில் பாதி, 2 கோடிதான். அந்தப் பாதிக் கணக்கு எனக்கு உறுத்துகிறது. ஒரே மைதானம், ஒரே மட்டை, ஒரே உழைப்பு. அதைப் பற்றித் தனியாக ஓர் இதழே எழுத வேண்டும்.

ஏலத்தில் மிக உயர்ந்த விலை இந்தியக் கேப்டன் ஹர்மன்பிரீத் சிங்குக்கு. சூர்மா ஹாக்கி கிளப் அவரை 78 லட்சத்துக்கு எடுத்தது. அபிஷேக் 72 லட்சத்துக்கு வங்காளத்துக்கும், ஹர்திக் சிங் 70 லட்சத்துக்கு உத்தரப் பிரதேசத்துக்கும் போனார்கள். நம்முடைய தமிழ்நாடு டிராகன்ஸ் நெதர்லாந்தின் யிப் யான்சனுக்கு 54 லட்சமும் ஒடிசாவின் அமித் ரோஹிதாஸுக்கு 48 லட்சமும் கொடுத்தது. கார்த்தி செல்வமும் டிராகன்ஸ் சட்டைதான் போட்டார்.

இந்த எண்களைக் கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பார்ப்போம். 4 கோடியில் 78 லட்சம் என்றால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மீதி 3 கோடியே 22 லட்சத்தை 23 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 14 லட்சம். ஒருவரை வாங்கிய விலையில் இன்னும் ஐந்து நல்ல ஆட்டக்காரர்களை எடுத்திருக்கலாம். ஹர்மன்பிரீத் அந்தப் பணத்துக்குத் தகுதியானவரா என்றால், நிச்சயம் தகுதியானவர். பெனால்டி கார்னரில் அவரைப் போல் டிராக் ஃபிளிக் அடிப்பவர் உலகத்திலேயே அபூர்வம். ஆனால் ஓர் அணிக்கு எழும் கேள்வி வேறு. அவர் எவ்வளவு திறமையானவர் என்பதோடு, அவருக்கு அடுத்தவரைவிட எவ்வளவு கூடுதலாகத் திறமையானவர், அந்தக் கூடுதலுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்றும் பார்க்க வேண்டும்.

விடை 2025 பிப்ரவரி 1 அன்று ரூர்கேலாவில் கிடைத்தது. இறுதிப் போட்டியில் சூர்மா இல்லை, அரையிறுதி வரை வந்த நம் டிராகன்ஸும் இல்லை. வங்காள டைகர்ஸ் 4-3 என்று ஹைதராபாத்தை வென்றது. அந்த நான்கு கோல்களில் மூன்றை அடித்தவர் ஜுக்ராஜ் சிங். அவரும் டிராக் ஃபிளிக் அடிப்பவர்தான். ஏலத்தில் அவருக்குக் கிடைத்தது 48 லட்சம். முதல் பெயருக்கும் அவருக்கும் இடையில் 30 லட்சம் வித்தியாசம், கோப்பை போனது அவர் பக்கம். ஒரு போட்டியை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது. ஆகவே எண்பது, தொண்ணூறு ஆண்டுகளாக முதல் பெயரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு பெயரையும் எழுதியும் வைத்திருக்கிற ஓர் ஊரின் கதைக்குப் போவோம். அது கடல்தாண்டி இருக்கிறது.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நம் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு மோதும் ஆட்டம். அதன் தொழில்முறை லீகில் 1930-களில் நியூயார்க், சிகாகோ, கிரீன் பே போன்ற அணிகள்தான் திரும்பத் திரும்ப வென்றன. நல்ல கல்லூரி வீரர்கள் எல்லாரும் பணமும் பேரும் உள்ள அணிகளுக்கே போனார்கள். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் என்ற நொடிந்த அணியின் சொந்தக்காரர் பெர்ட் பெல் 1935-இல் ஒரு யோசனை சொன்னார்: கல்லூரி முடித்து வருகிற வீரர்களைப் பட்டியல் போடுவோம், கடந்த ஆண்டு கடைசியாக வந்த அணி முதலில் ஒருவரை எடுக்கட்டும், அடுத்துக் கீழிருந்து இரண்டாவது அணி, இப்படியே மேலே போவோம், ஓர் அணி எடுத்த வீரரோடு மற்ற அணி பேச்சுவார்த்தை வைக்கக் கூடாது. மற்றச் சொந்தக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். தோற்றவனுக்கு முதல் கை என்ற இந்த ஏற்பாட்டுக்குத்தான் டிராஃப்ட் என்று பெயர்.

1936 பிப்ரவரி 8 அன்று ஃபிலடெல்ஃபியாவின் ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டலில் முதல் டிராஃப்ட் நடந்தது. ஒன்பது அணிகள், ஒன்பது சுற்று, 81 பெயர்கள். முதல் பெயர் ஜே பெர்வாங்கர், சிகாகோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திரம். கடைசி இடத்துக்காரரான பெல்லே அவரை எடுத்தார். சம்பளம் கட்டுப்படியாகாமல் அந்த உரிமையைச் சிகாகோ பேர்ஸ் அணிக்கு மாற்றிவிட்டார். பெர்வாங்கரோ அவர்களுக்கும் ஆடவில்லை. அவர் தொழில்முறை லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் வியாபாரத்துக்குப் போய்விட்டார். உலகத்தின் முதல் 'முதல் பெயர்' மைதானத்துக்குள் காலே வைக்கவில்லை.

இருந்தும் முதல் பெயரின் மேல் ஆசை குறையவே இல்லை. வரிசையில் தனக்கு வரும் இடத்தை ஓர் அணி இன்னோர் அணிக்கு விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அந்த இடங்களுக்கே ஒரு சந்தை உருவாகிவிட்டது. அந்தச் சந்தையைப் புரட்டிப்போட்ட பேரம் 1989 அக்டோபர் 12 அன்று நடந்தது. டல்லஸ் கவ்பாய்ஸ் அப்போது படுமோசமான நிலையில் இருந்தது. அந்த ஆண்டு 16 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் வென்றது. அந்த அணியில் இருந்த ஒரே பெரிய ஆட்டக்காரர் ஹெர்ஷல் வாக்கர். புதிய பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் அந்த ஒருவரையே மினசோட்டா வைக்கிங்ஸுக்குக் கொடுத்துவிட்டார். பதிலுக்குச் சில வீரர்களும், அவர்களோடு கட்டிய நிபந்தனைகளின் வழியே வருங்கால டிராஃப்ட்களில் ஒரு கொத்து இடங்களும் டல்லஸுக்கு வந்து சேர்ந்தன. நட்சத்திரத்தை விற்றுவிட்டானே என்று ஊர் ஏசியது. அந்த இடங்களைப் பயன்படுத்தியும் மாற்றியும் ஜான்சன் எடுத்தவர்களில் எம்மிட் ஸ்மித் ஒருவர், 1990-இல் 17-ஆவது பெயர். பின்னாளில் அந்த லீகிலேயே அதிக யார்டு ஓடியவர் என்ற சாதனை அவருடையது. 1992, 1993, 1995 பருவங்களின் கோப்பை டல்லஸுக்கு. வாக்கரை வாங்கிய மினசோட்டா அவரை வைத்து ஒரு கோப்பையும் வெல்லவில்லை.

இந்தக் கோப்பைகள் வருவதற்கு முன்பே டல்லஸ் அணியினர் ஓர் அட்டவணை போட்டார்கள். 1991-இல் மைக் மெக்காய் என்ற பங்குதாரர் பழைய பேரங்களை எல்லாம் பார்த்து ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மதிப்பெண் வைத்தார். முதல் இடத்துக்கு 3000, இரண்டாவதுக்கு 2600, பத்தாவதுக்கு 1300, 32-ஆவதுக்கு 590. முதல் பெயரைக் கூப்பிட ஆசைப்பட்டால் 32-ஆம் இடம் போன்ற ஐந்து இடங்களைக் கொடுத்தாலும் போதாது என்று பொருள். மெல்ல மெல்ல மற்ற அணிகளும் இதையே கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசின. அந்தக் கணக்கின் பலவீனம் ஒன்றுதான். அணிகள் இதுவரை என்ன கொடுத்தன என்பதை அது சொல்லிற்று. அந்த இடத்தில் எடுத்த வீரர்கள் பிறகு எப்படி ஆடினார்கள் என்பது அதில் இல்லை.

அந்தக் குறையை நிரப்பினார்கள் கேட் மேஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள். தேலர் பின்னர் 2017-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். வீரர்கள் எடுக்கப்பட்ட இடம், வாங்கிய சம்பளம், ஆடிய ஆட்டம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். 2005-இல் முதல் வடிவமும் 2013-இல் அச்சு வடிவமும் வந்த அந்த ஆய்வு மூன்று விஷயங்களைச் சொன்னது. மைதானத்தில் ஒரே நிலையில் ஆடுகிற இருவரில் முதலில் எடுக்கப்பட்டவர் அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடுவது நூற்றுக்கு 52 தடவைதான்; காசு சுண்டிப் போட்டதைவிடக் கொஞ்சமே மேல். இரண்டாவது, அன்றைய சம்பளக் கணக்கில் கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தந்தவர்கள் முதல் பெயர்கள் இல்லை. இரண்டாம் சுற்றில் வந்தவர்கள். மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இன்றைக்கு ஓர் இடத்தை வாங்க, அடுத்த ஆண்டின் இடத்தை அணிகள் அள்ளிக் கொடுத்தன. அதை வட்டியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 136 சதவீதம் வந்தது. கந்துவட்டிக்காரன்கூடக் கூசுகிற வட்டி. இந்தப் பையனைப் பற்றி எனக்கு மட்டும் தெரியும், வேறெவனுக்கும் தெரியாது என்கிற நிச்சயம்தான் அந்த வட்டியைக் கட்ட வைக்கிறது.

அந்த நிச்சயம் எப்படிப் பொய்த்தது என்பதற்கு அமெரிக்காவில் பட்டியலே உண்டு. 1998-இல் முதல் இடத்துக்குப் பேட்டன் மேனிங்கா, ரயன் லீஃபா என்று நிபுணர்கள் அடித்துக்கொண்டார்கள். மேனிங் முதல் பெயர், லீஃப் இரண்டாவது. மேனிங் காவிய நாயகனானார். லீஃப் சில ஆண்டுகளில் காணாமல் போனார். 2007-இன் முதல் பெயர் ஜமார்கஸ் ரஸல் மூன்றே பருவம் ஆடினார். 2000-இல் 198 பெயர்களுக்குப் பிறகு, 199-ஆவதாகக் கூப்பிடப்பட்ட டாம் பிரேடி ஏழு கோப்பைகளை வென்றார். 2022-இன் கடைசிப் பெயர், 262-ஆவதான பிராக் பர்டி, இரண்டு ஆண்டுக்குள் இறுதிப் போட்டியில் ஓர் அணியை நடத்திச் சென்றார்.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். முதல் பெயருக்கு மதிப்பே இல்லை என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. சராசரியாகப் பார்த்தால் முன்னால் எடுக்கப்பட்டவர்கள் பின்னால் எடுக்கப்பட்டவர்களைவிட நன்றாகவே ஆடுகிறார்கள். தேர்வாளர்களின் கண்ணுக்கு ஓரளவு தெரிகிறது. பிழை விலையில் இருந்தது. 2010-இன் முதல் பெயர் சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறாண்டுக்கு 78 மில்லியன் டாலர் ஒப்பந்தம், அதில் 50 மில்லியன் உறுதிப் பணம். ஓர் ஆட்டமும் ஆடாத பையனுக்கு! அடுத்த ஆண்டே லீகும் வீரர் சங்கமும் புதிய ஒப்பந்தம் போட்டுப் புதியவர்களின் சம்பளத்துக்கு வரம்பு கட்டின. 2011-இன் முதல் பெயர் கேம் நியூட்டனுக்கு நான்காண்டுக்கு 22 மில்லியன். வீரர்களின் திறமை அதே திறமைதான். விலை இறங்கியதால் முதல் பெயர் மறுபடி லாபகரமானது.

இதையெல்லாம் அங்கேயே விட்டுவிட முடியாது, நம் பக்கத்திலும் அதே கதை நடந்தது. புரோ கபடியில் 2017-இல் தமிழ் தலைவாஸ் பிறந்தது. பெரிய பெயர்களை வாங்குவதில் அந்த அணி சளைத்ததே இல்லை. அஜய் தாக்கூர், மஞ்சித் சில்லார், பிறகு 94 லட்சத்துக்கு ராகுல் சௌத்ரி. 2019-இல் இந்த மூவரும் ஒரே அணியில் இருந்தார்கள். அந்த ஆண்டு தலைவாஸ் 12 அணிகளில் கடைசி. 2022-இல் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சம் கொடுத்து எடுத்தார்கள், அதுவரை அந்த லீகில் யாருக்கும் கொடுக்கப்படாத விலை. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று, பருவம் முழுக்க அவர் வெளியே. எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் புதிய இளம் வீரர் என்ற சிறு சம்பளப் பிரிவில் வந்திருந்த நரேந்தர் ரெய்டுக்குப் போக ஆரம்பித்தார். அந்தப் பருவத்தில் 243 ரெய்டு புள்ளிகள். தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது அந்த ஆண்டுதான். இரண்டு கோடிக்கு மேல் கொடுத்தவர் பெஞ்சில் இருக்க, விலைப் பட்டியலில் தேட வேண்டிய பையன் அணியைத் தூக்கிச் சென்றான்.

எதிர் உதாரணமும் உண்டு. தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் 2016-இல் டிராஃப்ட் முறையில்தான் தொடங்கியது. முதல் கோப்பையை வென்றது நம் மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய தூத்துக்குடி பேட்ரியாட்ஸ். 2023-இல் ஏலத்துக்கு மாறியபோது கோவை கிங்ஸ் 21 லட்சத்து 60 ஆயிரம் கொடுத்துச் சாய் சுதர்சனை எடுத்தது. அப்போது ஐ.பி.எல்.லில் அவருடைய சம்பளம் 20 லட்சம்தான். அந்த ஆண்டுக் கோப்பை கோவைக்கு. அவர் 2025-இல் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். அருகில் இருந்து, பல ஆண்டுகள் ஆடிப் பார்த்த பையனுக்குக் கொடுத்த உயர்ந்த விலை வீண்போகவில்லை. எவ்வளவு நாள் பார்த்தோம் என்பதைப் பொறுத்துத்தான் கண்ணின் நம்பகம்.

இப்போது கோவில்பட்டிக்குத் திரும்புவோம்.

இங்கே முதல் பெயர் டெல்லி ஹோட்டலில் கூப்பிடப்படுவதில்லை. கோடை விடுமுறையில் விளையாட்டு விடுதிக்கான தேர்வு நடக்கும் மைதானத்தில் கூப்பிடப்படுகிறது. பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பையன்கள். இளையரசனேந்தலிலிருந்தும் கயத்தாறிலிருந்தும் கழுகுமலையிலிருந்தும் தகப்பனோடு பஸ் ஏறி வந்தவர்கள். ஓட்டம், தாண்டல், பந்தை ஒட்டி எடுத்துப் போவது, கொஞ்ச நேர ஆட்டம். அவ்வளவில் முடிவு. 22 வயது வரை கல்லூரியில் நான்கு ஆண்டு ஆடி, ஒவ்வோர் ஆட்டமும் படம்பிடிக்கப்பட்ட வீரனைப் பார்த்தே அமெரிக்க நிபுணர்கள் நூற்றுக்கு 48 தடவை தவறுகிறார்கள் என்றால், பன்னிரண்டு வயதுப் பையனை ஒரு காலைப் பொழுதில் பார்த்து எத்தனை முறை சரியாகச் சொல்ல முடியும்? தேர்வு செய்பவர்களின் நேர்மையைப் பற்றி நான் பேசவில்லை. வெயிலில் நின்று கண் எரியப் பார்க்கிறார்கள். அந்த வயதில் ஆறு மாதம் முன்பின் பிறந்திருந்தாலே உயரத்திலும் ஓட்டத்திலும் பெரிய வித்தியாசம் தெரியும். கனடாவில் பனி ஹாக்கிக்கு எடுக்கப்பட்ட பையன்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் என்று 1980-களிலேயே கண்டுபிடித்தார்கள். சீக்கிரம் வளர்ந்தவனைத் திறமைசாலி என்று எந்தக் கண்ணும் நினைக்கும்.

கரிசலில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. இந்த மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி மழையில் காலைப் பிடித்து இழுக்கும். அதில் ஓடிப் பழகிய பையன் செயற்கை மைதானத்தில் முதல் நாள் தடுமாறுவான். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி புல்தரையை விட்டுச் செயற்கைத் தரைக்கு மாறியபோது இந்திய அணியே தடுமாறி ஏழாம் இடத்துக்குப் போனது. உலகச் சாம்பியனுக்கு நேர்ந்தது ஊத்துப்பட்டிப் பையனுக்கு நேராதா? அவனுடைய தடுமாற்றத்தைத் திறமைக் குறைவு என்று குறித்துவிட்டால் அவன் கதை அங்கேயே முடிந்தது.

இதற்கு வழியைத் தேடி நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை. கோவில்பட்டியிலேயே 1901 முதல் ஒரு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பருத்தியிலும் சோளத்திலும் கம்பிலும் 'கே' என்ற எழுத்தோடு வந்த ரகங்களை நம் பெரியவர்களுக்குத் தெரியும்; கே.11 பருத்தி ஒன்று போதும். அந்த 'கே' கோவில்பட்டிதான். ஒரு ரகத்துக்குப் பெயர் வைப்பதற்கு முன் அங்கே என்ன செய்கிறார்கள்? ஒரு காலையில் வயலைச் சுற்றி வந்து உயரமாக நிற்கும் செடியைத் தேர்ந்தெடுத்து முடிப்பதில்லை. நிறையச் செடிகளிலிருந்து விதை எடுத்துத் தனித்தனி வரிசையாகப் போடுகிறார்கள். மழை பொய்த்த ஆண்டிலும் பெய்த ஆண்டிலும் பார்க்கிறார்கள். வேறு வேறு ஊரில் போட்டுப் பார்க்கிறார்கள். முதல் ஆண்டில் சோர்ந்து நின்ற வரிசை மூன்றாம் ஆண்டில் மேலே வருவதும் உண்டு. மானாவாரிப் பயிருக்குக் காட்டும் பொறுமையைப் பையன்களுக்கும் காட்டலாம்.

அப்படிக் காட்டிய இடங்கள் இந்தியாவில் உண்டு. ஜலந்தருக்குப் பக்கத்திலுள்ள சன்சார்பூர் என்ற ஒரே ஊர் 14 ஒலிம்பிக் ஹாக்கி வீரர்களைக் கொடுத்தது. அங்கே யாரும் முதல் பெயரைத் தேடி அலையவில்லை. ஊரே ஆடியது, ஆடியவர்களிலிருந்து தானாகவே மேலே வந்தார்கள். ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டமும் அப்படித்தான். 48 லட்சத்துக்கு நம் டிராகன்ஸுக்கு வந்த அமித் ரோஹிதாஸ் அந்த மண்காரர். அந்த மாவட்டத்தின் 17 வட்டாரங்களிலும் வட்டாரத்துக்கொரு செயற்கை மைதானம் என்ற திட்டத்தை ஒடிசா அரசு கையிலெடுத்தது. பதினேழு மைதானம் என்றால் ஒரு பையன் ஒரு நாள் தேர்வில் விழுந்தாலும் மறுநாள் ஆட இடம் இருக்கிறது, அவனைப் பார்க்க இன்னொரு கண்ணும் இருக்கிறது.

நம் பக்கம் கிருஷ்ணா நகர் மைதானத்தின் மேல்தான் இந்த வட்டாரத்தின் பாரம் முழுவதும். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி அங்கே நடக்கிறது. கோடை மாலையில் ரயில்வே அணிகளும் வங்கி அணிகளும் ஆட, சுற்றுக் கிராமத்துச் சனம் முழுதும் உட்கார்ந்து பார்க்கிறது. அந்தக் கூட்டத்தில் இருக்கும் பையனுக்கு ஆடத் தரை எங்கே? எட்டயபுரத்திலும் விளாத்திகுளத்திலும் கழுகுமலையிலும், பக்கத்து மாவட்டங்களின் சாத்தூரிலும் சங்கரன்கோவிலிலும் ஊருக்கொரு சின்னச் செயற்கை மைதானம் வேண்டும். முழு அளவு வேண்டாம், ஐந்து பேர் ஆடும் அளவு போதும். ஹாக்கியில் அதற்கே இப்போது உலகப் போட்டி வந்துவிட்டது.

கூடவே விடுதித் தேர்வில் ஒரு மாற்றம் வேண்டும். பன்னிரண்டு வயதில் விழுந்தவன் பதினான்கிலும் பதினாறிலும் மறுபடி வரட்டும்; அந்த வயதுகளில் நுழைவதற்கென்றே சில இடங்களை ஒதுக்கி வைக்க வேண்டும். ஒருவனுக்கு நிறையக் கொடுப்பதைவிடப் பலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கும் அணிதான் நீண்ட நாளில் வெல்கிறது என்று டல்லஸும் தலைவாஸும் சொன்னது லீகுகளுக்கு மட்டும் பொருந்துவதல்ல. அரசுப் பணத்துக்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்தும், ஏனென்றால் அரசுக்குக் கோப்பை மட்டும் கணக்கல்ல. தேர்வாகாத பையனும் அதன் பையன்தான்.

இந்தத் தொடரை எழுதும்போது எனக்கு ஒரு பெரிய இடைவெளி தெரிகிறது. மேஸியும் தேலரும் அந்தக் கணக்கைப் போட முடிந்ததற்குக் காரணம், 1936-இலிருந்து கூப்பிடப்பட்ட ஒவ்வொரு பெயரும், எத்தனையாவதாகக் கூப்பிடப்பட்டது என்பதும் அங்கே எழுதிவைக்கப்பட்டிருப்பதுதான். நம்மிடம் ஜகார்த்தாவுக்குப் போனவர்களின் பெயர் இருக்கிறது. அவர்களோடு அதே காலையில் அதே மைதானத்தில் ஓடி, பெயர் வராமல் ஊர் திரும்பி, பிறகு கிளப் அணிக்கு ஆடியவர்கள், மில்லில் சேர்ந்தவர்கள், பள்ளியில் பி.டி. மாஸ்டராகி அடுத்த தலைமுறைக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் வேண்டும். கோவில்பட்டி, அதைச் சுற்றிய ஊர்களின் வாசகர்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய போட்டி நோட்டீஸ், அணிப் படம், தேர்வுக்கு வரச்சொல்லி வந்த அஞ்சலட்டை எது இருந்தாலும், படத்தில் நிற்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாகப் பின்னால் பென்சிலால் எழுதி, ஒரு நகல் எடுத்து ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள். மூலத்தை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இதழ் கோல்கீப்பர்களைப் பற்றியது.